சாட்சி அக்கா

இந்தத் தீவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஐயா. அதற்காகவே எங்கெங்கிருந்தோ இங்கே வந்து கல்யாணம் செய்துகொள்கிறார்கள். சொந்தபந்தம் யாரும் வருவதில்லை. மாப்பிள்ளை, பெண், இரண்டு பெட்டி, அவ்வளவுதான். கடலோரப் பதிவு அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். தமிழ் பேசும் ஜோடி வந்தால் உறுதிமொழியைச் சொல்லித் தருவேன், சாட்சிக் கையெழுத்தும் போடுவேன். இரண்டாவது சாட்சி போட்டோக்காரர்.

அன்று முழுக்க நான்தான் அக்கா. "அக்கா, பின்னாடி ஊக்கு சரியா குத்தியிருக்கா பாருங்க." "அக்கா, நீங்களும் போட்டோல நில்லுங்க." மறுநாள் விமானம் ஏறிவிட்டால் அக்காவாவது, தங்கையாவது. பதினாறு வருடத்தில் ஒருவர்கூட அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பவில்லை. வலித்தது. அதை மறைக்கவில்லை.

கையெழுத்திட்ட தாளை முப்பது நாளுக்குள் தலைமை அலுவலகத்தில் சேர்த்தால்தான் கல்யாணம் செல்லும். சேர்ப்பது என் வேலை. ஒருமுறை காய்ச்சலில் கிடந்து மூன்று வாரம் தாமதமாகிவிட்டது. அந்தப் பெண் போன் செய்தாள். சான்றிதழ் எங்கே என்று கேட்டுவிட்டு, "சாப்டீங்களாக்கா?" என்றாள். முக்கால் மணி நேரம் பேசினோம். அதன் பிறகு நான் தாள்களை அவசரப்பட்டுச் சேர்ப்பதில்லை. போன் வந்தால் மறுநாளே சேர்த்துவிடுவேன். வராதவர்களுடையது என் வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கும். ஒரு போன்கூடச் செய்யாதவர்களுக்காக நான் ஏன் ஓட வேண்டும்?

இப்போது என் வீட்டில் இருக்கும் பெண்ணும் போன் செய்யாதவள்தான். கல்யாணமான எட்டாம் மாதம் புருஷன் சாலை விபத்தில் போய்விட்டான். "கல்யாணப் பேப்பர காட்டு, அப்புறம் உள்ள வா" என்று அவன் அண்ணன் கதவை அடைத்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு என் ஞாபகம் வந்தது. ஒரு கைப்பையோடு இங்கே வந்து நின்றாள். நான் தாளைச் சேர்க்காததால் அவள் சட்டப்படி மனைவியே இல்லை. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பழைய கட்டெல்லாம் கலைஞ்சு கெடக்கும்மா. தேடணும். அதுவரைக்கும் நம்ம வீட்ல இரு" என்றேன்.

இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே "கெடைச்சுதாக்கா?" என்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். காபி போட்டுத் தருவாள். ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று அவள் கிளம்பிய வாரம் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. படுக்கையைப் புரட்டிப் போட்டு அழுதாள். நானும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அவள்தான் தைலம் தேய்த்துவிட்டாள். புதிய பாஸ்போர்ட்டுக்கு எழுதிய விண்ணப்பத்தை நானே தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டேன். இந்த ஊர் பாஷை அவளுக்குத் தெரியாதே.

வீட்டைச் சோதனை போட்டு இழுப்பறையை நீங்கள் திறந்துவிட்டீர்கள். பதினொரு தாள், ஒரு பாஸ்போர்ட், ஒரு விண்ணப்பம். எல்லாம் நான் வைத்ததுதான். மற்றப் பத்து ஜோடிகளும் நன்றாகத்தான் இருப்பார்கள். கஷ்டம் வந்தால்தானே இவர்களுக்கு அக்கா ஞாபகம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.