பங்காளிக் கடை

டீக்கு நன்றி, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. எங்கள் தலைமை அலுவலகத்தில் மெஷின் டீதான். இத்தனை வருஷம் குடித்தும் நாக்கு அதற்குப் பழகவே இல்லை.

மற்றபடி அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல மாட்டேன். தொழில் என்றால் என்ன என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். பன்னுக்குள் முட்டைக் கிரீம் வைத்து விற்கிற கம்பெனி. பெயர்ப்பலகை, அடுப்பு, கிரீம் எல்லாம் எங்களுடையது. கடையை நடத்துவது மட்டும் வெளியாட்கள். அவர்களை முதலாளி என்று சொல்லக் கூடாது, 'பங்காளி' என்றுதான் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் அந்த வார்த்தையை எப்போது, என்ன தொனியில் சொல்வார்கள் என்று அதைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பங்காளிகளின் போனை எடுப்பது என் வேலை. அடுப்பு எரியவில்லை, கிரீம் வண்டி வரவில்லை, வாசலில் சாக்கடை. எதற்கும் முடியாது என்று சொல்லக் கூடாது. 'மேலே சொல்றேன்' என்று சொல்ல வேண்டும். அவர்கள் கேட்காததை நாமாகச் சொல்லவும் கூடாது. இவ்வளவு தெரிந்தால் போதும், அங்கே யாரும் காலம் தள்ளிவிடலாம்.

என் தங்கைக்குக் கடை எடுத்துக் கொடுத்தது நான்தான். மாப்பிள்ளை அப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார், முதுகுவலியோடு. வேனை விற்கச் சொன்னதும் நான்தான். கடை நன்றாகவே பிடித்துக்கொண்டது. என் தங்கைக்கு வாய் ஜாஸ்தி. ஒரு பன் வாங்க வந்தவரிடம் வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்து, ஆளுக்கொன்று கட்டிக் கொடுத்துவிடுவாள். மாப்பிள்ளை உள்ளே கிரீம் வைப்பார், பாத்திரம் கழுவுவார், பிரிட்ஜைத் தன் வேனைத் துடைத்த மாதிரி துடைத்துக்கொண்டே இருப்பார்.

அதுதான் வினையாகிப் போனது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க தங்கச்சி கடை சூப்பரா போகுது போல."

"ஆமா சார்."

"அந்த இடத்தை கம்பெனியே எடுத்து நடத்தலாம்னு மேலே ஒரு யோசனை."

"ஒப்பந்தம் இன்னும் முடியலையே சார்."

"சுகாதாரச் சோதனையில தோத்தா தானா முடிஞ்சிடும். நான் ஒண்ணும் சொல்லலை. உங்க ஆளுங்க, நீங்களே பார்த்து முடிச்சுடுங்க."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உண்மையிலேயே அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் முதலில் பேசித்தான் பார்த்தேன். கடையை விட்டுவிடுங்கள் மாப்பிள்ளை, வேறு ஏதாவது பார்ப்போம் என்றேன். அவர் சிரித்தார். "நல்லா ஓடுற கடையை எவனாவது விடுவானா? கண்ணு பட்டுடும்னு பயப்படுறீங்களா மச்சான்?" ஏன் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் என் வேலை போகும். எனக்கும் குடும்பம் இருக்கிறது, மேடம். இந்தப் பக்கம் தங்கை, அந்தப் பக்கம் சம்பளம். நடுவில் நிற்பவனுக்குத்தான் அந்த இடி தெரியும்.

எல்லாக் கடைகளின் மாற்றுச் சாவியும் எங்களிடம் இருக்கும். கடைக்கு விடுமுறை நாளில் மகளை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போவதாகத் தங்கை சொல்லியிருந்தாள். காலையில் போய் பிரிட்ஜை அணைத்தேன். அதன் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். நல்ல வெயில் காலம். இடையில் நேரம் இருந்ததால் முடி வெட்டிக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போய் மறுபடி போட்டுவிட்டேன். கிரீமை முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்காது. அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், அவர் அஜாக்கிரதையான ஆள் இல்லை.

யாருக்கும் கெடுதல் வரக் கூடாது என்றுதான் திட்டமே போட்டேன். மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே எங்கள் பரிசோதகர் வந்து கிரீமை எடுப்பார், சோதனையில் தோற்கும், கடைக்குப் பூட்டு விழும். ஒரு பன்கூட வெளியே போகாது.

மறுநாள் காலையில் பரிசோதகர் போன் செய்தார். வண்டி பழுதாகிவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்றார். மேலே சொல்கிறேன் என்றேன். மேலாளரிடம் சொன்னேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன் என் கையில்தான் இருந்தது. இன்றைக்குக் கிரீமைத் தொடாதே என்று தங்கையிடம் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். ஏதாவது சொல்லிச் சமாளித்தால் அதற்கும் ஏன் என்று கேட்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பிடித்தால் விட மாட்டாள். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் மனசு கேட்காமல் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மருமகள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். மூக்கு நுனி வரை கிரீம். என்னைப் பார்த்ததும் பாதியைப் பிய்த்து நீட்டினாள்.

"மாமா, இந்தா."

"மாமாவுக்கு வேண்டாம்டா. நீ சாப்பிடு."

என் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டேன். தங்கை சிரித்துக்கொண்டே, "உனக்குன்னா மட்டும்தான் அவ பங்கு குடுப்பாண்ணா" என்றாள். மிஞ்சிப் போனால் வயிற்றுப்போக்கு வரும், குழந்தைகளுக்கு வராததா என்று நினைத்துக்கொண்டேன். கடை நிறைய ஆட்கள். அவர்கள் முன்னால் என்ன சொல்ல முடியும்?

அந்தத் தெருவில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பிழைத்துக்கொண்டார்கள். மருமகள் மட்டும் பிழைக்கவில்லை. சின்ன உடம்பு, தாங்கவில்லை என்றார் டாக்டர்.

மாப்பிள்ளையை உங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே கூட்டிப் போனார்கள். பிரிட்ஜைச் சரியாகப் பார்க்காத குற்றம். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தானே ஏதோ மறந்துவிட்டோம் என்று நம்பிவிட்டார் போலிருக்கிறது. தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அவர் அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு நீ சொல்லுண்ணா. நீ சொன்னா கம்பெனி கேக்கும்."

"மேலே சொல்றேன்மா" என்றேன். பழக்கம், மேடம்.

அதன் பிறகு அந்த இடத்தில் கம்பெனியே கடை திறந்தது. வெள்ளை விளக்கு, புது பிரிட்ஜ். அந்த வட்டாரத்துக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். தங்கைக்கு அங்கேயே கல்லாவில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்தேன். அவள் வரவில்லை. கோபமா, என்னவென்று தெரியவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்க ஜெயிலுக்கு நான் போனால், என் அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன என்று அவள் சொல்வதாக அவர் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் படும் பாட்டை யார் கேட்டார்கள்?

இப்போது ஏன் வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். மனசாட்சிதான். போன வாரம் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், கைதியின் சொந்தக்காரர் பொறுப்பில் இருந்தால் கம்பெனிக்குக் கெட்ட பெயர் என்று. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாப்பிள்ளை வெளியே வந்துவிட்டால் அந்தக் காரணம் அடிபட்டுப் போகும், அவ்வளவுதான்.

பிரிட்ஜை அணைத்தது நான். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான். எங்கே கையெழுத்து போட வேண்டும்?

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். இதில் கம்பெனி பெயரும் மேலாளர் பேச்சும் வராமல் எழுத முடியுமா பாருங்கள். எல்லாம் முடிந்ததும் திரும்பச் சேர்த்துக்கொள்வீர்களா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். மேலே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.