சிப்பிப் பிடி

பிரிக்பீல்ட்ஸில் மாலை கட்டும் இரண்டு பெண்கள் கிள்ளான் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் இரண்டு விரல்களில் பிளாஸ்டர். கையில் மடக்குக் கத்தி. சிப்பி பதித்த அதன் பிடி மின்னியது.

“கத்தி அழகா இருக்கறதுதான்க்கா பிரச்ன.”

“பூ ஈரத்துல சிப்பிப் பிடி வழுக்கும்லா. பாசார் கடையில ரப்பர் பிடி போட்டது விக்கிறான், வாங்கு.”

“அது வீட்ல ரெண்டு கெடக்கு. இது அவரு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறப்ப கொடுத்தது.”

“அப்ப பிடியில வாழ நாரு சுத்திக்க.”

“சுத்துனேன். வேற யாரு கத்தியோ மாதிரி இருந்துச்சு. அவுத்துட்டேன்.”

மூத்தவள் அவள் கையை இழுத்துப் பார்த்தாள்.

“இன்னும் எத்தன வெரலுக்குடி பிளாஸ்டர் ஒட்டுவ?”

“தீபாவளிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காருக்கா. அதுவரைக்கும் பத்து வெரலு தாங்கும்.”