மெத்தை மேல போட்ட பழி

மெத்தை சரியில்லைன்னு சொன்னீங்க பாருங்க சார், அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு இடுப்பு விண்ணு விண்ணுனு வலிக்குது. இல்ல இல்ல, உங்களச் சொல்லல. உக்காருங்க. படுத்துகூடப் பாருங்க, செருப்ப மட்டும் கழட்டிடுங்க, முதலாளி அந்தக் கண்ணாடி ரூமுலேருந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. மேடம் அங்க தலகாணி பாக்கறாங்க. தலகாணிப் பக்கம் போனவங்க லேசுல திரும்ப மாட்டாங்க, நமக்கு நேரம் இருக்கு.

எதுல விட்டேன்... ஆங், இடுப்பு. எல்லாம் என் மச்சினனால வந்தது. சம்சாரத்தோட தம்பி. லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துல லிஃப்ட் நின்னாலும் அவனத்தான் கூப்பிடுவாங்க, ஆனா அவன் குடியிருக்கற கட்டடத்துல லிஃப்ட் கிடையாது. இருக்கறது நாலாவது மாடி. டபுள் மெத்தைய மாடிப்படி முக்குல திருப்பியிருக்கீங்களா நீங்க? பாதிப் பேரு அங்கயே வேலைய விட்டுட்டுப் போயிடுவாங்க.

முப்பது தாண்டித்தான் அவனுக்குக் கல்யாணம் ஆச்சு. அந்தப் பொண்ணு சின்னப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்குது. நல்ல பொண்ணு, மனசுல ஒண்ணு வெச்சிக்காது, பட்டுனு கேட்டுடும். நான்தான் ஆசையா நம்ம கடைலேருந்தே ஸ்பிரிங் மெத்தை போட்டுக் குடுத்தேன். கொஞ்ச நாள்ல அவன்கிட்டேருந்து போன். "மாமா, மெத்தை ரொம்பக் குதிக்குது." சரின்னு ஃபோம் மெத்தை தூக்கிட்டுப் போனேன். "மாமா, இது ஆள உள்ள இழுக்குது." நார் மெத்தை தூக்கிட்டுப் போனேன். "மாமா, இது கல்லு மாதிரி இருக்கு." மெத்தைன்னா அவ்வளவுதான் சார். குதிக்கும், இழுக்கும், இல்லன்னா கல்லு மாதிரி இருக்கும். அத்தனையும் சரியில்லன்னா நான் எங்க போறது?

அப்புறம் என்ன ஆச்சுன்னா, மச்சினன் ஒரு டப்பாவ எப்பவும் பைல வெச்சிக்கிட்டு சுத்தறான். என்னடான்னா சத்துப் பவுடருங்கறான். அது வயித்தக் கலக்கிடுச்சு. ஒரு கட்டடத்துல லிஃப்டுக்குள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டுக் கதவத் தட்டறாங்க, தொறந்துவிடப் போனவன் பாத்ரூம் எங்கன்னு தேடிக்கிட்டு ஓடறான். கம்பெனில கூப்பிட்டுக் கன்னாபின்னான்னு திட்டிட்டாங்க.

அதுக்கு மேல அந்தப் பொண்ணு பொட்டியக் கட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு. என் சம்சாரம் என்ன சொல்றா தெரியுமா? "மெத்தை உங்க கடையுது, நீங்கதான் போய்ப் பேசணும்." இது எந்த ஊரு நியாயம்?

நான் போறதுக்குள்ள அவனே வந்துட்டான். மத்தியானம், கடைல ஆளில்லாத நேரம். உங்களுக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க, நீலப் பூப்போட்டது, அதுல ஷூவோட மல்லாந்து படுத்துட்டான். முதலாளி பாத்தா என்னத் தொலச்சிருப்பாரு. மேல ஃபேனப் பாத்துக்கிட்டே சொல்றான், "மாமா, மெத்தைல ஒரு கொறையும் இல்ல. கொறை எங்கிட்ட."

மொத ராத்திரிலேருந்து ஒண்ணும் ஆகலையாம் சார். பக்கத்துல போற வரைக்கும் எல்லாம் சரியா இருக்காம், போனதும் அப்படியே தொவண்டு போயிடுதாம். ஏன்டான்னேன். பெரிய ரகசியத்தச் சொல்ற மாதிரி கொரலத் தாழ்த்தி, "சின்ன வயசுலேருந்தே கைப்பழக்கம் மாமா. எல்லாம் அதுலயே தீந்துபோச்சு"ங்கறான். தீந்துபோறதுக்கு அது என்னடா கேஸ் சிலிண்டரான்னு கேட்டேன். சிரிக்கல. போன்ல வந்த வீடியோல எவனோ கோட்டு போட்டுக்கிட்டு வெரல ஆட்டி ஆட்டி, நரம்பு போச்சு, வாழ்க்கை போச்சு, இந்தப் பவுடரச் சாப்பிடுன்னு சொல்லியிருக்கான். இவன் நம்பிட்டான்.

எங்க சார் எழுந்துக்கறீங்க? உக்காருங்க. இதுல கூச்சப்பட என்ன இருக்கு, நாம ஆம்பளைங்க பேசிக்கறோம். மேடம் அங்கதான் இருக்காங்க.

வீட்டுல தெனமும் சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துத் தூங்கற மாதிரி நடிச்சிருக்கான். அந்தப் பொண்ணு ஒரு நாள் நேராவே கேட்டிருக்கு, "என்னப் பிடிக்கலையா?" அதுக்கு இவன் என்ன சொன்னான் தெரியுமா? மெத்தை சரியில்லன்னு சொல்லியிருக்கான். அந்த ஒரு பதிலுக்குத்தான் சார் நான் நாலு மாடி சொமந்தது.

சரி வாடான்னு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். உள்ள போனா லேடி டாக்டர். இவன் அப்படியே திரும்பறான், சட்டையப் பிடிச்சு உக்கார வெச்சேன். அந்தம்மா காய்ச்சல் கேக்கற மாதிரி சாதாரணமாக் கேக்கறாங்க. காலைல முழிக்கும்போது விறைப்பு இருக்கா? இருக்குங்கறான். தனியா இருக்கும்போது? இருக்கு. "அப்ப எது தீந்துபோச்சுங்கறீங்க?" தலையச் சொறிஞ்சிக்கிட்டு, "அப்ப மோட்டார் நல்லாத்தான் இருக்கா டாக்டர்?"னு கேக்கறான். மெக்கானிக் புத்தி.

அவங்க பொறுமையாச் சொன்னாங்க. அதெல்லாம் தீந்துபோற சரக்கில்ல, ஒடம்புல அது பாட்டுக்கு ஊறிக்கிட்டே இருக்கும். கைப்பழக்கத்தால நரம்பும் போகாது, ஆம்பளத்தனமும் போகாது. ஒண்ணே ஒண்ணு, சில பேரு வருஷக்கணக்கா போன்ல படத்தப் பாத்துக்கிட்டு, கைய இறுக்கிப் பிடிச்சு, யாராவது வந்துடுவாங்களோன்னு அவசர அவசரமா முடிச்சே பழகியிருப்பாங்க. அவங்களுக்கு இன்னொரு ஆளோட தொடுகை பழக நாளாகலாம். அதக் கொஞ்சம் கொறைச்சுக்கங்க, நிதானமா இருங்க, சரியாயிடும். "அதவிட உங்களப் படுத்தறது பயம். பரீட்சைக்குப் போற மாதிரி படுக்கைக்குப் போனா ஒடம்பு எப்படி ஒத்துழைக்கும்? பவுடரக் குப்பைல போடுங்க. இப்போதைக்கு ஒண்ணும் முயற்சி பண்ணாதீங்க, சும்மா பக்கத்துல இருங்க. மொதல்ல அவங்ககிட்ட வாயத் தொறந்து பேசுங்க." எதுக்கும் ரத்தம் ஒரு தடவ பாத்துடலாம்னாங்க.

அதோட விட்டிருக்கலாம்ல? அந்தம்மா என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்படி?"ன்னாங்க. நான் கூட வந்தவன் டாக்டர்னேன். "அது தெரியுது, உங்களுக்கு எப்படி?" நமக்கெல்லாம் வயசாயிடுச்சு டாக்டர்னு சிரிச்சேன். அவங்க சிரிக்கல, பேனாவக் கீழ வெச்சாங்க. "எத்தன நாளா?" மச்சினன் இப்ப என்னப் பாக்கறான் சார், வாயத் தொறந்துகிட்டு. என்ன பண்றது, சொல்லித் தொலைச்சேன். ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாங்க, ரிப்போர்ட்டும் வந்துச்சு. அவன் ரத்தம் சுத்தமா இருக்கு. எனக்கு சக்கரை. வயசானவங்களுக்கு சில சமயம் சக்கரையும் ரத்தக் கொதிப்பும் அங்கதான் மொதல்ல கதவத் தட்டுமாம், கண்டுக்காம விட்டா நெஞ்சு வரைக்கும் போகுமாம். நல்ல வேளையா வந்தீங்கன்னாங்க. கூடப் போனவனுக்கு மாத்திரை, நடை, பத்தியம். போக வேண்டியவனுக்கு ஒண்ணுமில்ல. நல்லாருக்கா கதை?

டாக்டரப் பாத்த அன்னிக்கு சாயங்காலமே அவன் நீச்சல் கொளத்துக்குப் போயிட்டான். பிள்ளைங்க தண்ணிய அடிச்சிக்கிட்டுக் கெடக்க, ஓரத்துல பெஞ்சுல உக்காந்திருந்தானாம். வகுப்பு முடிஞ்சு அவ துண்டப் போத்திக்கிட்டு வந்து நின்னா. இவன் தரையப் பாத்துக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டான், கைப்பழக்கம், பவுடரு, டாக்டரு, ஒண்ணு விடாம. அவ கேட்டுட்டு, "இவ்வளவுதானா? நானும்தான் பண்ணியிருக்கேன். எனக்கென்ன தீந்தா போச்சு?"ன்னு சிரிச்சிருக்கா. எங்கிட்ட வந்து சொல்றான், "மாமா, பொம்பளைங்களும் பண்ணுவாங்களாம் மாமா." எனக்கு மட்டும் தெரியுமா என்ன? நான் தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டி வெச்சேன்.

ஆனா சிரிச்சவ அப்படியே அழுதுட்டாளாம். "நீ சுவரப் பாத்துத் திரும்பிப் படுக்கறப்ப எல்லாம், எம்மேல குளோரின் நாத்தம் அடிக்குதோ, அதான் மூஞ்சியத் திருப்பிக்கறியோன்னு நான் ரெண்டு ரெண்டு தடவ குளிச்சேன்டா. தலமுடியெல்லாம் கொட்டிப்போச்சு." மனுஷன் ஒரு வார்த்த பேசாம இருந்தா அடுத்தவங்க என்னென்ன நெனச்சிக்கறாங்க பாருங்க.

அப்புறம் என்ன, அவ பொட்டியோட திரும்பி வந்துட்டா, ஆனா மறுநாளே எல்லாம் சரியாயிடல. சில நாள் ஆச்சு, சில நாள் ஆகல. ஆகாத அன்னிக்கு எழுந்து டீ போட்டுக் குடிச்சிட்டுப் பேசிக்கிட்டு இருப்பாங்களாம். பரீட்சையே இல்லன்னு ஆனப்புறம் பயம் எதுக்கு? இப்ப நல்லா இருக்காங்க. அந்த நார் மெத்தைலதான் படுக்கறாங்க, கல்லு மாதிரி இருக்குன்னு ஒரு போன் கெடையாது. நானும்... சரி, மாத்திரை வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்லிக்கறேன்.

சார், உங்களுக்கு ஃபோம் பாக்கலாமா, இல்ல... சார்? செருப்ப மாட்டிட்டீங்க? வாரண்டி பத்தி நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே... சார்...

வரேன் முதலாளி. இல்ல முதலாளி, நான் ஒண்ணும் தப்பாப் பேசல, என் மச்சினன் கதையத்தான் சொன்னேன். முழுசாத்தான் சொன்னேன். ஆமா, அந்த மேடம் கைல வெச்சிருந்த தலகாணியயும் வாங்காம போயிட்டாங்க. என் வாய்தான், ஒத்துக்கறேன். திட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இப்படி வந்து கதவு வழியாப் பாருங்க. கடைக்குள்ள வரும்போது அவரு எங்கயோ முன்னாடி, அந்தம்மா எங்கயோ பின்னாடி வந்தாங்க. இப்ப எதிர பஸ் ஸ்டாப்புல ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அவருதான் பேசிக்கிட்டு இருக்காரு. ரெண்டு பஸ் வந்து நின்னு போயிடுச்சு முதலாளி, ரெண்டு பேரும் ஏறல.