கச்சேரிப் பெட்டியில் குறைந்த காசு

"என்ரை அப்பா அந்தக் காசை எடுத்திருந்தா நல்லாயிருந்திருக்கும், தம்பி."

நான் வேலை கேட்டுப்போய் வெறுங்கையோடு ரெக்ஸ்டேல் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து திரும்பிய பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்த தொண்ணூறு வயது அம்மா தன் மகனிடம் சொன்னார்.

"என்னம்மா கதைக்கிறியள்? வெள்ளைக்காரன்ரை கச்சேரிக் கந்தோர், அரசாங்கக் காசு. எடுத்தா பிடிச்சு மறியல்லை அடைச்சிருப்பாங்களெல்லே?"

"ஓம், மறியல்தான். அப்பா அங்கை கிளாக்கர், காசுப் பெட்டியைப் பூட்டுற திறப்பு அவரிட்டைத்தான் இருந்தது. காசு குறையுது எண்டோடனை, எடுக்காத மனுசன் வெட்கத்திலை மலாயாவுக்குக் கப்பலேறிட்டார்."

"பிறகு காசு அம்பிட்டதுதானே?"

"அடுத்த கிழமையே துரையின்ரை அலுமாரிக்குள்ளை அம்பிட்டது. அதை எழுதிப்போட எங்களிட்டை அப்பான்ரை விலாசம் இல்லை."

மகன் சிரித்தார். "எடுத்திருந்தா மட்டும்? பணக்காரர் இருக்கிற றிச்மண்ட் ஹில்லிலை வீடு வாங்கியிருப்பியளோ?"

"பகிடி விடாதை. எடுத்திருந்தா யாழ்ப்பாண மறியலுக்குள்ளை ரெண்டு வருசம் இருந்திருப்பார். அம்மா சோறு கட்டிக்கொண்டு போகேக்கை நானும் போயிருப்பன். முகத்தைப் பாத்திருப்பன். அவர் போகேக்கை எனக்கு மூண்டு வயசு. ஒரு படமும் இல்லை."

"ஊர் உங்களைக் கள்ளன்ரை பிள்ளையெண்டெல்லோ சொல்லியிருக்கும்?"

அம்மா மகன் பக்கம் திரும்பினார்.

"சொல்லட்டுமன். ரெண்டு வருசத்திலை கள்ளன் வீட்டை வந்திருப்பார்."