உடன் வந்தவர்

— உறவுன்னு இருக்குற இடத்துல தம்பின்னு எழுதியிருக்கீங்க, டீச்சர். இவர் வாட்ச்மேன் சட்டையோட உக்காந்திருக்காரே?

— வேற யாரை டாக்டர் கூட்டிட்டு வர? ராத்திரி நான் என்ன பண்றேன்னு தெரிஞ்ச ஆளோட வரச் சொன்னீங்க. என் வீட்டுல நானும் சுவருந்தான். நான் முழிச்சிருக்குறதைப் பாக்குறவர் எங்க பில்டிங் வாட்ச்மேன் ஒருத்தர்தான்.

— ஆமா டாக்டர். ரெண்டு மணிக்கு டீச்சரம்மா இறங்கி வருவாங்க. கேட் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தா விடியுற வரைக்கும் பேச்சுதான். எட்டு மாசமா இதே கூத்து.

— பகல்ல எப்படி, டீச்சர்?

— பகல்ல கிளாஸ். அதுலதான் வந்தது வினை. ஒரே கணக்கை மூணு நாள் நடத்தியிருக்கேன். புள்ளைங்க கமுக்கமா இருந்துட்டாங்க. ஏற்கெனவே போட்ட வீட்டுப்பாடம், யாருக்குக் கசக்கும்? நாலாவது நாள் ஹெட்மாஸ்டர் ஜன்னல்ல நின்னு கேட்டுட்டார். இனி உங்க சர்ட்டிஃபிகேட் இருந்தாத்தான் உள்ள விடுவாராம்.

— கொஞ்ச நாள் லீவு போடுங்களேன்.

— போட்டுட்டு? அந்த நாலு சுவரையா பாத்துட்டிருக்க? நாப்பது பேர் எழுந்து நின்னு குட்மார்னிங் மிஸ்னு சொல்றாங்க. பகல்ல என்கிட்ட யாராவது பேசுறதுன்னா அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், டாக்டர்?

— வாட்ச்மேன், நீங்க சொல்லுங்க. சொன்னதையே திரும்பச் சொல்றாங்களா?

— சேச்சே. டீச்சரம்மாவுக்கு ஞாபகம் கெட்டி. எந்த வீட்டு வண்டி எத்தனை மணிக்குப் போச்சுன்னு எனக்கே சொல்லுவாங்க.

— சரி டீச்சர், பக்கத்து ரூம்ல நர்ஸ்கிட்ட பிரஷர் பாத்துட்டு வாங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க... அண்ணே, இப்ப சொல்லுங்க. அவங்க வேலை போயிடும்னுதானே பூசி மெழுகுனீங்க? நிஜம் தெரிஞ்சாத்தான் நான் மருந்து குடுக்க முடியும். தூக்கம் வந்தா மறதியும் சரியாகும், வேலையும் தங்கும்.

— சொன்னதையேதான் சொல்றாங்க, டாக்டர். வெளிநாட்டுல இருக்குற மகன் நாளைக்குப் போன் பண்றான்னு தினமும் சொல்லுவாங்க. நானும் புதுசா கேக்குற மாதிரி உம் கொட்டுவேன்.

— வேற?

— தினமும் என் பேரைக் கேப்பாங்க. சொல்லுவேன். மறுநாள் திரும்பக் கேப்பாங்க.

— எட்டு மாசமாவா? உங்களுக்குச் சலிச்சுப் போகலையா, அண்ணே?

— இல்ல டாக்டர். மருந்து குடுங்க, பாவம், தூங்கட்டும். அந்த பில்டிங்ல ஒன்பது வருஷமா நிக்கிறேன். என் பேரு என்னன்னு கேட்டவங்க அவங்க ஒருத்தர்தான்.