உங்கள் கையையும் எதிராக எண்ணியவர்கள் எழுதும் மடல்

அன்பும் அறிவும் அடக்கமும் ஒருங்கே அமைந்த ஆசிரியையே, பதினெட்டுப் பனிக்காலங்களாக எங்கள் பாடசாலைக் கதவை முதலில் திறந்து விளக்கைப் போட்டவரே, திருகோணமலையில் பிறந்து ஒஸ்லோ நகரின் ரொம்மனில் எங்கள் எல்லோருக்கும் ரீச்சர் ஆனவரே, வடதிசைத் தமிழ்ப் பாடசாலையின் அதிபர் செல்வி கிருஷ்ணகுமாரி அவர்களே, வணக்கம்.

2007 ஆனி மாதம் பதினாறாம் நாளாகிய இன்று, அறுபத்தேழு வயதில் நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். வரும் ஆவணியில் பேர்கனில் இருக்கும் தங்கையிடம் போய்விடுவீர்கள். பிரிவு விழாவில் வாசித்து, சட்டம் போட்டுத் தருவதற்கு ஒரு மடல் எழுதும்படி ஆசிரியர்கள் உதவி அதிபராகிய என்னிடம், சூசைரட்ணத்திடம், சொன்னார்கள். வழக்கமான மடலைத்தான் எழுதத் தொடங்கினேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மூன்றாவதை ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எவரும் ஒரு வரியையும் வெட்டச் சொல்லவில்லை. ஆகவே இதில் வரும் வெட்கம் என்னுடையது மட்டும் அன்று.

உங்கள் பணியை முதலில் சொல்லிவிடுகிறோம். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வயோதிபரைக் குளிப்பாட்டி உணவூட்டிய கைகளால், சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளின் விரல் பிடித்து அகரம் எழுதுவித்தீர்கள். பதினொரு பிள்ளைகளோடு தொடங்கிய பாடசாலையில் இன்று நூற்று அறுபது பேர் படிக்கிறார்கள். அழுதுகொண்டு வந்த பிள்ளை எதுவும் அழுதுகொண்டு வீடு திரும்பியதில்லை. கையுறை மறந்து வரும் பிள்ளைகளுக்காக உங்கள் பையில் எப்போதும் இரண்டு சோடி இருந்தது. இவற்றுக்காக நாங்கள் உங்களைப் புகழலாம். ஆனால் புகழும் தகுதி எங்களுக்கு உண்டா என்பதை இனி வருவதைக் கேட்டபின் நீங்களே சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு என் மகள் துசாந்தினிக்கு நோர்வேஜியப் பள்ளியில் அமெரிக்கப் பெண்களின் உரிமைப் போராட்டம் பற்றி எழுத வேண்டியிருந்தது. அவள் உங்களிடம் வந்தாள். நீங்கள் நூலகத்துக்கு நடந்து நடந்து படித்து, அவளுக்குத் தமிழில் விளக்கி, கடைசியில் அதை எங்கள் கலைவிழாவுக்கு ஒரு நாடகமாகவே ஆக்கிவிட்டீர்கள்.

அந்த நாடகத்தின் முதற்காட்சி 1840இல் நடந்தது. அடிமைமுறையை ஒழிக்கக் கூடிய மாநாட்டுக்கு, கடல் தாண்டி அமெரிக்காவிலிருந்து இலண்டனுக்குப் போன பெண்களை, பேச்சும் வாக்கும் இல்லாமல் தடுப்புக்கு அப்பால் உட்கார வைத்தார்கள். அடிமையின் விடுதலைக்குக் கண்ணீர் விட்ட நல்லவர்களே அதைச் செய்தார்கள். எட்டு ஆண்டுகளின்பின் நியூயோர்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், ஒரு தேவாலயத்தில், ஆணும் பெண்ணும் சமம் என்று ஒரு பிரகடனம் வாசிக்கப்பட்டது. மனைவியின் கூலியையும் காணியையும் சட்டம் கணவனுக்குக் கொடுத்த காலம் அது. மற்றவற்றை ஏற்றுக்கொண்ட கூட்டம், பெண்ணுக்கு வாக்கு என்ற கோரிக்கையில் தயங்கியது. ஊர் சிரிக்கும் என்று அஞ்சியது. கடைசியில் அதையும் ஏற்று, அறுபத்தெட்டுப் பெண்களும் முப்பத்திரண்டு ஆண்களும் ஒப்பமிட்டார்கள். வீட்டிலிருந்து கையுறை தைத்துக் கொடுத்த இளம்பெண்ணும் அவர்களில் ஒருத்தி. வாக்குரிமை வர எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அப்போது அவள் உயிரோடு இருந்தாள். ஆனால் நோயால் வாக்களிக்கப் போக முடியவில்லை என்று சொல்கிறார்கள். அந்தப் பெண்ணாகத் துசாந்தினி நடித்தாள். திரை விழுந்ததும் மண்டபம் எழுந்து நின்றது. முதலில் எழுந்தவர்களில் நானும் ஒருவன்.

மூன்று மாதம் கழித்து, மாசி பதினோராம் நாள், பாடசாலையை நடத்தும் எங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டம். சங்க விதிகளாகிய எங்கள் யாப்பின்படி ஒரு குடும்பத்துக்கு ஓர் அங்கத்துவ அட்டை, ஓர் அட்டைக்கு ஒரு வாக்கு. அந்த வாக்கைக் குடும்பத் தலைவர் போடுவார். தலைவர் என்றால் யார் என்று யாப்பில் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. நீங்கள் உங்கள் தம்பி அரசரத்தினத்தின் வீட்டில் இருப்பதால் அவருடைய அட்டையில் ஐந்தாவது பெயராக இருந்தீர்கள். ஒஸ்லோ மாநகரசபைத் தேர்தலில் வாக்களிக்கும் நீங்கள், நீங்களே கட்டியெழுப்பிய பாடசாலையின் சங்கத்தில் வாக்கில்லாமல் இருந்தீர்கள்.

அன்று நீங்கள் எழுந்து, பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு வேண்டும் என்று கேட்டீர்கள். சங்கத் தலைவர் சபாரத்தினம் சிரித்தார்.

“ரீச்சர், வீட்டுக்கு ஒரு வோட்டு காணும்தானே. புருசன் ஒரு பக்கம் மனிசி ஒரு பக்கம் கை தூக்கினால் வீட்டுக்கை சண்டையெல்லோ வரும்.”

“வரட்டும் தலைவர். குழம்புக்குப் புளி காணுமோ காணாதோ எண்டு எங்கடை வீட்டிலை ஒவ்வொரு நாளும் சண்டைதான். இன்னும் ஒரே மேசையிலைதான் சாப்பிடுறம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உங்கள் பக்கம் என்றுதான் நினைத்தோம். வாக்கெடுப்பு நடந்தது. எண்ணியவன் நான். ஆதரவாக ஒன்பது கைகள், எதிராக முப்பத்தெட்டு. இந்த மடலை எழுதும் கை அந்த முப்பத்தெட்டில் ஒன்று. அரசரத்தினத்தின் கையும் எதிராக உயர்ந்தது. அவருடைய அட்டையில் உங்கள் பெயரும் இருந்ததால், நீங்கள் கேட்டதற்கு நீங்களே எதிர் என்று நான் எண்ணினேன். பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். நீங்கள் என் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் சமையலறையில் வடையும் ரோல்சும் பொரித்துக்கொண்டிருந்தார்கள். பொரியல் புகை வருகிறது என்று மண்டபத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள மடக்குச் சுவரை இழுத்து மூடியவனும் நான்தான். நாடகத்தின் முதற்காட்சியை மூன்று மாதத்துக்குமுன் எழுந்து நின்று பாராட்டியவன் அதைச் செய்தேன். செய்யும்போது எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. பாலர் வகுப்பு ஆசிரியை கமலேஸ்வரி தன் பங்கையும் எழுதச் சொன்னார். சுவருக்குப் பின்னால் நின்று அவர் எல்லாவற்றையும் கேட்டாராம். சுவரைத் திறக்கக் கை வரவில்லையாம்.

கூட்டம் முடிந்ததும் நீங்கள் தேநீர்த் தட்டத்தோடு வந்தீர்கள். முதற்கோப்பையை எனக்குத் தந்தீர்கள். “சூசை மாஸ்ரர், சத்தம் போட்டு எண்ணினனீங்கள், தொண்டை காய்ஞ்சிருக்கும், குடியுங்கோ” என்றீர்கள். அதில் குத்தல் ஏதும் இருக்குமோ என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அடுத்த சனிக்கிழமை பனியால் ரயில் ஓடவில்லை. என் வீடு இருக்கும் ரொம்சோசிலிருந்து நடந்து, கால் விறைத்து, பிந்தி வந்தேன். என் வகுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். வகுப்பறைக்குள் போடும் என் செருப்பு வெப்பமூட்டியின்மேல் இருந்தது. அந்தச் சூட்டில் கால் வைத்தபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

வீட்டில் துசாந்தினி கேட்டாள்: “அப்பா, எனக்குச் செப்டெம்பரிலை பதினெட்டு. ஒஸ்லோ கொம்யூன தேர்தலிலை நான் வோட் பண்ணலாம், உங்கடை சங்கத்திலை ஏலாது. அப்ப நாடகத்துக்கு ஏன் கை தட்டினனீங்கள்?” நான் குருவானவரிடம் போய்ப் பாவத்தை அறிக்கையிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆண்டவரிடம் சொன்னது நல்லது, உரியவரிடமும் சொல்லுங்கள் என்றார். நான்கு மாதம் சென்றுவிட்டது. இப்போது சொல்கிறேன். மன்னியுங்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் வீடு வீடாகப் போய் மறுபடி கூட்டம் கேட்டோம். இம்மாதம் மூன்றாம் நாள் விசேட கூட்டம் கூடியது. உங்கள் தம்பியே தீர்மானத்தைக் கொண்டுவந்தார். “அண்டைக்கு நான் கை தூக்கேக்கை அக்காவின்ரை கையையும் பிடிச்சுத் தூக்கின மாதிரித்தான். எனக்கு அது பிறகுதான் விளங்கினது” என்றார். முப்பத்துநான்கு கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் யாப்பின்படி, பொதுக்கூட்டத்தின் தீர்மானம் உடனே நடைமுறைக்கு வரும், விசேட கூட்டத்தின் தீர்மானமோ வருகிற தை மாதத்திலிருந்துதான் வரும். ஒஸ்லோவில் வசிப்பவர்களே அங்கத்தவர்கள். அப்போது நீங்கள் பேர்கனில் இருப்பீர்கள். நீங்கள் கேட்டது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் கிடைத்தது. உங்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. மாசியிலேயே நாங்கள் கை தூக்கியிருந்தால், போகுமுன் ஒரு கூட்டத்திலாவது நீங்களும் தூக்கியிருப்பீர்கள். அந்தக் கையுறைப் பெண்ணுக்கு நோய் தடையானது. உங்களுக்கு நாங்கள் தடையானோம். இதைத் திருத்த எங்களிடம் வழியில்லை.

அதனால் ஒன்றைக் கேட்கிறோம். தை மாதப் பொதுக்கூட்டத்தில் இனி நான் எண்ண மாட்டேன். நீங்கள் வந்து எண்ணித் தர வேண்டும். கமலேஸ்வரியின் கை ஒன்று, அவருடைய கணவரின் கை ஒன்று, துசாந்தினியின் கை ஒன்று என்று உங்கள் வாயால் எண்ண வேண்டும். மடக்குச் சுவர் திறந்திருக்கும். வடையை ஆண்கள் பொரிப்போம், கருகினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரயிலடிக்கு அரசரத்தினம் வருவார். உங்கள் செருப்பு வெப்பமூட்டியின்மேல் இருக்கும்.

அதுவரையும் அதற்குப் பின்னும், கண்ணொளி குன்றாமல், கால்வலி அண்டாமல், பேர்கனின் மழையிலும் மனம் நனையாமல், நீங்கள் நீடு வாழ இறைவனை இறைஞ்சுகிறோம்.

ஒருவருக்காக மற்றவர் ஒப்பமிடாமல், ஒவ்வொருவரும் தத்தம் கையால் பெயர் எழுதி,

வடதிசைத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியைகள் பதினான்கு பேரும் ஆசிரியர்கள் ஆறு பேரும்
ரொம்மன், ஒஸ்லோ
16.06.2007