மாப்பிள்ளையின் இருபத்தெட்டுக் குழாய்கள்

எனக்கு வலிக்காமல் ரத்தம் எடுக்கத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஊசி என்றால் மயங்கி விழுகிற ஆட்களெல்லாம் என் பரிசோதனைக்கூடத்துக்குத்தான் வருவார்கள்.

என் தங்கையின் கணவரும் அந்த ரகம். லிஃப்ட் மெக்கானிக். பதினோராவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்குவார், ஊசியைக் கண்டால் முகம் வெளுத்துவிடும். "மச்சான், குத்திட்டு சொல்லுங்க, குத்தப்போறேன்னு சொல்லாதீங்க" என்பார். நான் ஏதாவது ஜோக் அடிப்பேன். அவர் சிரித்து முடிப்பதற்குள் குழாய் நிறைந்துவிடும்.

அவருக்கு ஹெபடைடிஸ் பி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. ஒரு தடவை, ரத்தத்தில் 'இ' புரதம் இல்லை என்று வந்தது. வைரஸ் மும்முரமாகப் பெருகும்போது வெளியே விடுகிற புரதம் அது. டாக்டர் குஷியாகிவிட்டார். "அடங்கிடுச்சு போலிருக்கு, மருந்து வேண்டியிருக்காது. எதுக்கும் வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாத்துடுங்க" என்று என்னிடமே அனுப்பினார். தங்கை அதற்குள் கேக் வாங்கிவிட்டாள்.

நான் பார்த்தேன். கோடிக்கணக்கில் இருந்தது. மரபணுவைப் படித்தேன். மூவாயிரத்துச் சொச்சம் எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்தப் புரதத்தைச் செய்வதை மட்டும் நிறுத்திவிட்டு, மற்ற வேலையெல்லாம் ஜோராக நடந்துகொண்டிருந்தது, வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே விருந்து நடத்துகிற மாதிரி. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷ சர்வீஸில் இப்படியொரு கெட்டிக்காரத்தனத்தை நான் பார்த்ததில்லை. அடுத்து எந்த எழுத்தை மாற்றும் என்று பார்க்காமல் எப்படி இருப்பது?

அறிக்கையில் 'மிகக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு வருடம், இருபத்தெட்டுக் குழாய்கள். ஈரல் பரிசோதனை எகிறிய மாதங்களில் அதையும் கொஞ்சம் இறக்கி எழுதினேன். அதற்காக அவரைக் கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். களைப்பாக இருக்கிறது என்றபோது வேலையைக் குறைக்கச் சொன்னதே நான்தான். வயிறு வீங்கியதை முதலில் கண்டுபிடித்ததும் நான்தான். ஈரலில் கட்டி. கடைசிக் குழாய் எடுத்தபோதும் ஜோக் அடித்தேன், சிரித்தார் பாவம். "உங்களுக்கு நல்ல கைராசி மச்சான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் ஃப்ரீசரிலிருந்து குழாய்களை நீங்கள் அள்ளிக்கொண்டு போன பிறகும் தங்கை நம்பவில்லை. "எங்கண்ணன் இல்லேன்னா அவர் இவ்வளவு நாள்கூட இருந்திருக்க மாட்டார்" என்று உங்களிடமே சொன்னாளாமே. நல்ல பெண்.

மருந்து இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. தினம் ஒரு மாத்திரை. சாப்பிட்டிருந்தால் மாப்பிள்ளை இந்நேரம் ஏதாவது ஒரு லிஃப்டைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஆனால் வைரஸ் அடங்கிப்போயிருக்கும், அதற்குமேல் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலைமையில், நான் ஒருவரைக் காப்பாற்றியிருக்கிறேன் சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.